சிவப்பு ஒளி சிகிச்சை: உடலுக்குள் ஒளி என்ன செய்கிறது?

முகத்தில் மாட்டிக்கொள்ளும் எல்இடி முகமூடியிலிருந்து சுவரில் சாய்த்து வைக்கும் ஆளுயரப் பலகை வரை, சிவப்பு ஒளியைப் பாய்ச்சும் கருவிகள் இன்று இணையக் கடைகளில் தாராளமாகக் கிடைக்கின்றன. சுருக்கம் மறையும், முடி முளைக்கும், மூட்டுவலி தீரும், சர்க்கரை குறையும், எடை இறங்கும் என்று ஒரே கருவிக்கு இத்தனை பலன்கள் அடுக்கப்படுவதைப் பார்ப்பவர்களில் சிலர் எல்லாமே மோசடி என்று ஒதுக்கிவிடுகிறார்கள். சிலர் அப்படியே நம்பிப் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். இரண்டுமே அவசர முடிவுகள்தாம். இந்தச் சிகிச்சைக்கு அறிவியல் அடிப்படை உண்டு. புற்றுநோய் மருத்துவமனைகள் சில இதை அன்றாடம் பயன்படுத்துகின்றன. ஆனால், எந்த அலைநீளம், எவ்வளவு நேரம், உடலின் எந்தப் பகுதி என்ற மூன்று விவரங்களும் இல்லாமல் இதைப் பற்றிச் சொல்லப்படும் எந்தக் கூற்றுக்கும் பொருள் இல்லை. விளம்பரங்களில் முதலில் காணாமல் போவதும் அந்த மூன்று விவரங்களே.

## எது சிவப்பு ஒளி சிகிச்சை, எது அன்று

ஒளியை அலையாகக் கொண்டால், அடுத்தடுத்த இரு முகடுகளுக்கு இடைப்பட்ட தொலைவே அலைநீளம். அதை நானோமீட்டரில் அளப்பார்கள்; ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்கு அது. நம் கண்ணுக்குத் தெரியும் ஒளி ஏறத்தாழ 400 நானோமீட்டரில் ஊதாவாகத் தொடங்கி 700 நானோமீட்டரில் சிவப்பாக முடிகிறது. அதற்குக் கீழே இருப்பது புற ஊதா, மேலே இருப்பது அகச்சிவப்பு. இந்தச் சிகிச்சைக் கருவிகள் பெரும்பாலும் இரண்டு பட்டைகளைப் பயன்படுத்துகின்றன: 630 முதல் 670 வரையிலான சிவப்பு, 810 முதல் 850 வரையிலான அண்மை அகச்சிவப்பு. இரண்டாவது பட்டை கண்ணுக்கு ஏறக்குறையத் தெரியாது. புதிதாக வாங்கிய பலகையில் பாதி விளக்குகள் எரியவில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

குழப்பம் பெயரில்தான் தொடங்குகிறது. நம் ஊர் பிசியோதெரபி மையங்களில் முதுகுக்கும் தோளுக்கும் வைக்கும் சிவந்த இன்ஃப்ராரெட் விளக்கு வெப்ப சிகிச்சைக்கானது. தசை சூடாகி இளகுவதும் அவ்விடத்தில் இரத்த ஓட்டம் கூடுவதும்தான் அதன் பலன். இன்ஃப்ராரெட் சானா எனப்படும் வியர்வை அறையும் வெப்பத்தை நம்பியதே. சொரியாசிஸுக்கும் வெண்புள்ளிக்கும் தோல் மருத்துவர்கள் தரும் ஒளி சிகிச்சை, 311 நானோமீட்டரைச் சுற்றியுள்ள புற ஊதா ஒளி. ஒளியுணர்வூட்டும் மருந்தொன்றைத் தோலில் தடவி, அதன்மேல் சிவப்பு ஒளியைப் பாய்ச்சி, நோயுற்ற செல்களைக் கொல்லும் ஃபோட்டோடைனமிக் சிகிச்சை என்ற ஒன்றும் உண்டு; அங்கே ஒளியின் வேலை அழிப்பது. இக்கட்டுரை பேசும் சிகிச்சையோ மருந்து எதுவும் இல்லாமல், உணரத்தக்க வெப்பமும் இல்லாமல், குறைந்த செறிவுள்ள சிவப்பு அல்லது அண்மை அகச்சிவப்பு ஒளியால் செல்களின் இயக்கத்தைச் சற்றே மாற்ற முயல்வது. ஆய்வுலகில் இதற்கு ஃபோட்டோபயோமாடுலேஷன் என்று பெயர்.

வெறும் வெளிச்சம் உடலில் மாற்றம் செய்யுமா என்ற ஐயம் எழுவது இயல்பு. செய்யும் என்பதற்கு, பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை வந்தால் நீல விளக்கின் கீழ் கிடத்தும் வழக்கமே போதிய சான்று. இங்கிலாந்தின் எசெக்ஸ் மாவட்டத்தில் உள்ள ராச்ஃபர்ட் மருத்துவமனையில், 1950களில், குறைமாதக் குழந்தைகளின் பிரிவைக் கவனித்துவந்த தலைமைச் செவிலியர் ஒருவர் குழந்தைகளை வெயிலில் கிடத்துவது வழக்கம். துணியால் மூடியிருந்த இடம் மஞ்சளாகவும் வெயில் பட்ட இடம் வெளுத்தும் இருந்ததை அவர் மருத்துவர்களுக்குக் காட்டினார். பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி நீல ஒளியை உறிஞ்சி, உடல் எளிதாக வெளியேற்றக்கூடிய வடிவத்துக்கு மாறுகிறது என்பது பின்னர் தெளிவாயிற்று.

இதிலிருந்து இந்தத் துறையின் முதல் விதியைப் பெறலாம். ஒளி உடலில் எதையேனும் செய்ய வேண்டுமானால், அந்த அலைநீளத்தை உறிஞ்சும் மூலக்கூறு ஒன்று உடலில் இருக்க வேண்டும்; ஒளி அந்த மூலக்கூறு வரை போய்ச் சேரவும் வேண்டும். அடுத்து வரும் பகுதியும், சற்றுப் பின்னே வரும் 'செல்லுக்குள் நடப்பது' என்ற பகுதியும் இந்த இரண்டைப் பற்றியவையே.

## எவ்வளவு ஆழம் போகும்?

இருட்டறையில் செல்போன் டார்ச்சின் மேல் விரலை வைத்தால் விரல் நுனி சிவப்பாக ஒளிர்வதைப் பார்த்திருப்போம். டார்ச்சிலிருந்து வருவது வெள்ளை ஒளி. அதில் எல்லா நிறங்களும் உண்டு. நீலத்தையும் பச்சையையும் இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினும் தோலின் கருநிறமியான மெலனினும் பெருமளவு விழுங்கிவிட, சிவப்பு மட்டும் மறுபக்கம் வந்து சேர்கிறது. அலைநீளம் இன்னும் கூடினால், அதாவது அகச்சிவப்புக்குள் வெகுதூரம் போனால், திசுவில் உள்ள நீரே ஒளியை உறிஞ்சிக்கொள்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவே, ஏறத்தாழ 650க்கும் 1,100க்கும் இடையில், ஒளியை யாரும் பெரிதாகத் தடுக்காத ஒரு பட்டை இருக்கிறது. சிகிச்சைக் கருவிகள் சிவப்பையும் அண்மை அகச்சிவப்பையும் தேர்ந்தெடுப்பதன் காரணம் இதுதான்.

ஆனால், தடுக்காதது என்றால் தடையே இல்லை என்று பொருள் ஆகாது. திசுவுக்குள் நுழையும் ஒளி நேர்கோட்டில் போவதில்லை. செல்களிலும் நார்களிலும் மோதிச் சிதறுகிறது. ஒவ்வொரு மில்லிமீட்டரிலும் செறிவு சரிந்துகொண்டே போகிறது. சிவப்பு ஒளியின் பெரும்பகுதி சில மில்லிமீட்டருக்குள்ளேயே முடிந்துவிடும்; அண்மை அகச்சிவப்பு அதைவிடச் சற்று ஆழமாகப் போகும், அதுவும் வெகுவாகத் தேய்ந்த நிலையில்தான். தோல், வாயின் உட்பரப்பு, மயிர்க்கால், விரல் மூட்டு ஆகியவற்றை எட்டும் ஒளி, சதைப்பற்றுள்ள ஒருவரின் இடுப்பு மூட்டையோ கல்லீரலையோ குறிப்பிடத்தக்க அளவில் எட்டும் என்று எதிர்பார்ப்பதற்கு இடமில்லை. "உள்ளுறுப்புகளைப் புதுப்பிக்கும்" என்ற வாசகத்தை எங்கேனும் கண்டால், ஒளி எப்படி அங்கே போனது என்று கேட்பதே முதல் கேள்வி.

## எலியின் முதுகில் முளைத்த முடி

லேசர் 1960இல் பிறந்தது. தியோடர் மைமன் உருவாக்கிய அந்த முதல் லேசர் மாணிக்கப் படிகத்தால் ஆனது. அதன் ஒளி 694 நானோமீட்டர் அலைநீளமுள்ள அடர்சிவப்பு. சில ஆண்டுகள் கழித்து, ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் எண்ட்ரே மெஸ்டர் என்ற அறுவை மருத்துவர், லேசருக்கும் புற்றுக்கும் உள்ள தொடர்பை ஆராய்வதற்காக, முதுகில் முடி மழிக்கப்பட்ட எலிகளின் மேல் செறிவு குறைந்த மாணிக்க லேசர் ஒளியைப் பாய்ச்சினார். எலிகளுக்குப் புற்று வரவில்லை. ஒளி பட்ட எலிகளுக்கு மழித்த இடத்தில் முடி மட்டும் விரைவாக முளைத்தது. 1967 காலத்து இந்தக் கவனிப்பிலிருந்தே இத்துறை தொடங்குகிறது; பின்னாளில் மெஸ்டர் ஆறாத புண்களுக்கும் இந்த ஒளியைப் பயன்படுத்திப் பார்த்தார்.

நெடுங்காலம் லேசரின் தனித்தன்மைதான் இதற்குக் காரணம் என்று எண்ணப்பட்டது. பிற்பாடு, விண்வெளியில் செடி வளர்ப்பதற்காக நாசாவின் ஆதரவில் உருவான சிவப்பு எல்இடி விளக்குகளை 1990களில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் புண் ஆறுவதற்கான சோதனைகளில் பயன்படுத்தியபோது, விலை மலிவான எல்இடியும் இவ்வேலைக்கு உதவும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. வீட்டுக் கருவிகளின் சந்தைக்குக் கதவு திறந்தது அங்கேதான். "நாசா கண்டுபிடித்த சிகிச்சை" என்று விளம்பரங்கள் முழங்குவதன் வேரும் அதுவே. நாசாவின் பங்கு விளக்கோடு நின்றுவிடவில்லை என்றாலும், இன்றைய விற்பனைக் கூற்றுகள் எவற்றுக்கும் அந்த நிறுவனம் சான்றிதழ் தரவில்லை.

## செல்லுக்குள் நடப்பது

உடலின் செல்களுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்புகள் உள்ளன. உணவிலிருந்து கிடைக்கும் ஆற்றலை, செல் செலவிடத்தக்க ஏடிபி என்ற மூலக்கூறாக மாற்றித் தருவது அவற்றின் வேலை. அந்த வேலை நடக்கும் விதத்தை, வீட்டுக்குத் தளம் போடும் நாளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். கீழே கலவை போடும் இடத்திலிருந்து மாடி வரை ஆட்கள் வரிசையாக நிற்கிறார்கள். கலவை நிறைந்த சட்டி கைக்குக் கை மாறி மேலே போகிறது. மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வில் கைமாறுவது எலக்ட்ரான்; வரிசையின் கடைசி ஆள் சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்ற நொதி. அந்த நொதி எலக்ட்ரானை நாம் சுவாசித்த ஆக்சிஜனிடம் ஒப்படைக்கிறது. கடைசி ஆளின் கை ஓய்ந்தால் வரிசை முழுவதும் சட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

காயமும் அழற்சியும் உள்ள திசுவில் நைட்ரிக் ஆக்சைடு என்ற சிறு மூலக்கூறு அந்தக் கடைசி நொதியில் ஒட்டிக்கொண்டு, ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இந்த நொதியில் செம்பும் இரும்பும் கலந்த பகுதிகள் இருப்பதால் அது சிவப்பு ஒளியையும் அண்மை அகச்சிவப்பு ஒளியையும் உறிஞ்சக்கூடியது. ஒளியின் ஆற்றல் நைட்ரிக் ஆக்சைடைத் தள்ளிவிட, அடைபட்ட வரிசை மறுபடி நகர்கிறது, ஏடிபி உற்பத்தி கூடுகிறது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். இந்நொதியே ஒளியை ஏற்கும் இடம் என்ற கருத்தை முன்வைத்து வலுவூட்டியவர் ரஷ்ய அறிவியலாளர் டீனா காரு. விடுபட்ட நைட்ரிக் ஆக்சைடு அருகில் உள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களை விரிக்கவும் கூடும். கூடவே சிறிதளவு வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் தோன்றி, பழுதுபார்க்கும் மரபணுக்களைத் தூண்டிவிடும் என்றும் கருதப்படுகிறது.

இந்த விளக்கம் அழகானது, முற்றுப்பெற்றதன்று. அந்த நொதியே இல்லாதபடி மாற்றப்பட்ட செல்களும் சிவப்பு ஒளிக்கு எதிர்வினை காட்டிய ஆய்வக முடிவுகள் உள்ளன. ஆகவே ஒளியை ஏற்கும் இடம் இது ஒன்றுதானா என்ற விவாதம் ஆய்வாளர்களிடையே தொடர்கிறது. விற்பனைத் தளங்களோ "செல்லுக்குச் சார்ஜ் ஏற்றுகிறது" என்று ஒரே வரியில் தீர்த்துவிடுகின்றன. வரிசை தடையின்றி நகர்ந்துகொண்டிருக்கும் இடத்தில் கடைசி ஆளைத் தூண்டுவதால் வேலை இரட்டிப்பாகிவிடாது. நலமான திசுவைவிட நலிந்த திசுவில் பலன் தெளிவாகத் தெரிவதாக ஆய்வுகள் பல காட்டுவதற்கு இது பொருத்தமான விளக்கம்.

சுருங்கச் சொன்னால், மேலோட்டமான திசுவை எட்டும் ஒளியை அங்குள்ள செல்கள் உறிஞ்சுகின்றன. தடைபட்ட ஆற்றல் உற்பத்தி சீரடையலாம். அதற்குள் நடப்பவற்றின் விவரங்கள் இன்னும் விவாதத்தில் உள்ளன.

## அளவு தவறினால்

ஒரே அலைநீளம் முடியை வளர்க்கவும் அழிக்கவும் செய்யும் என்று சொன்னால் நம்பக் கடினமாக இருக்கும். முடி நீக்கும் நிலையங்களில் இருக்கும் டையோடு லேசர் பெரும்பாலும் 810 நானோமீட்டரைச் சுற்றியது. சிகிச்சைப் பலகையில் இருக்கும் அண்மை அகச்சிவப்பும் அதே பட்டைதான். மெஸ்டரின் எலிக்கு முடி வளர்த்த மாணிக்க லேசரின் 694 நானோமீட்டரும் முடி நீக்கத்துக்குப் பயன்பட்டதே. வேறுபாடு செறிவில் உள்ளது: நொடியின் சிறு பகுதிக்குள் பெரும் ஆற்றலைக் கொட்டினால் மயிர்க்கால் வெந்துபோகிறது, மெல்லிய ஒளி நிதானமாகப் படும்போது அது தூண்டப்படுகிறது. முடி நீக்கச் சென்ற சிலருக்குச் சிகிச்சை பெற்ற இடத்தின் ஓரங்களில் முடி கூடுதலாக முளைத்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. ஓரத்தில் சிதறி விழுந்த குறைந்த செறிவே அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள்.

அளவைக் கணக்கிடுவது கடினமன்று. ஒரு சதுர சென்டிமீட்டர் தோலில் எத்தனை மில்லிவாட் விழுகிறது என்பது செறிவு. அதை விநாடிகளால் பெருக்கினால் கிடைப்பது அந்த இடம் பெற்ற ஆற்றல், அதாவது ஜூல் கணக்கு. சதுர சென்டிமீட்டருக்கு 40 மில்லிவாட் விழும் விளக்கின் முன் 250 விநாடி நின்றால் சதுர சென்டிமீட்டருக்கு 10 ஜூல் கிடைக்கும். குறைந்த அளவில் பலன் இல்லை, இடைப்பட்ட அளவில் பலன் உண்டு, அதையும் தாண்டினால் பலன் மறைகிறது அல்லது எதிர்மாறாகிறது என்ற இருமுகப் போக்கை ஆய்வகச் சோதனைகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. பத்து நிமிடம் நல்லதென்றால் ஒரு மணி நேரம் அதைவிட நல்லது என்ற கணக்கு இங்கே செல்லாது.

வெயிலில் இதே ஒளி இலவசமாகக் கிடைக்கிறதே என்று கேட்பவர்களின் கேள்வி நியாயமானது. தெளிந்த வானத்தில் உச்சிவெயில் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 100 மில்லிவாட். அதில் பாதியளவு அகச்சிவப்பு. ஆனால் அதோடு புற ஊதாவும் கடும் வெப்பமும் சேர்ந்தே வருகின்றன. தேவையான பட்டையை மட்டும் பிரித்தெடுத்து, அளந்து தர முடிவதே கருவியின் ஒரே சாதகம். அளக்காமல் பயன்படுத்தினால் அந்தச் சாதகமும் போய்விடுகிறது.

## சான்று எங்கே வலுவாக இருக்கிறது

மிக வலுவான சான்று இருப்பது, விளம்பரங்களில் யாரும் பேசாத ஓரிடத்தில்: புற்றுநோய் சிகிச்சையின்போது வரும் வாய்ப்புண். தலை, கழுத்துப் பகுதிக்குக் கதிர்வீச்சு பெறுவோருக்கும் எலும்பு மஜ்ஜை மாற்றத்துக்குத் தயார்ப்படுத்தப்படுவோருக்கும் வாயின் உட்பரப்பு உரிந்து, தண்ணீர் விழுங்குவதே வதையாகிவிடும். சிலருக்குச் சிகிச்சையையே இடைநிறுத்த வேண்டி வரும். இதைத் தடுக்க வாய்க்குள் குறைந்த செறிவுள்ள லேசர் ஒளியைப் பாய்ச்சுவதைப் புற்றுநோய்த் துணைச் சிகிச்சைக்கான பன்னாட்டுச் சங்கம் குறிப்பிட்ட நோயாளிகளுக்குப் பரிந்துரைக்கிறது. சிகிச்சைகளை மதிப்பிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பும் 2018இல் இதற்கு ஆதரவான வழிகாட்டுதலை வெளியிட்டது. வாய்ப்புற்று மிகுந்த நம் நாட்டுக்கு இது நேரடியாகப் பொருந்துகிறது. கர்நாடகத்தின் மணிப்பால் பல்கலைக்கழகக் குழுவினர் ஹீலியம்-நியான் லேசரைக் கொண்டு நடத்தி 2012இல் வெளியிட்ட சோதனைகள் இத்துறையில் மேற்கோள் காட்டப்படுபவை. மெல்லிய சவ்வு, ஒளி எளிதில் எட்டும் இடம், நலிந்த திசு, பயிற்சி பெற்ற கை, அளந்த அளவு என்று மேலே கூறிய நிபந்தனைகள் எல்லாம் இங்கே ஒன்றுசேர்வதைக் கவனிக்க வேண்டும்.

பரம்பரை வழுக்கைக்கான லேசர் சீப்பு ஒன்றை ஆண்களுக்கு விற்க அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2007இல் அனுமதித்தது. இந்த அனுமதி, சாதனம் ஏற்கெனவே சந்தையில் உள்ள ஒன்றுக்கு ஈடானது என்ற அளவிலானது; புதிய மருந்தொன்று கடந்துவர வேண்டிய சோதனைகளுக்குச் சமமானதன்று. பலன் உண்டு, மிதமானது. மயிர்க்கால் உயிரோடிருக்கும் இடத்தில்தான் கிடைக்கும். மாதக்கணக்கில் தொடர வேண்டும். நுண்சுருக்கம், முகப்பரு ஆகியவற்றிலும் சிறிய, குறுகிய கால ஆய்வுகள் மிதமான முன்னேற்றத்தைக் காட்டுகின்றன. கழுத்துவலிக்கு ஆதரவாக ஆய்வுத் தொகுப்புகள் உள்ளன. மூட்டுத் தேய்மானத்தில் முடிவுகள் கலவையானவை.

சர்க்கரை நோய்க்குச் சிவப்பு விளக்கு என்ற செய்தியின் மூலம், லண்டன் ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட ஒரு சிறு ஆய்வு. குளுக்கோஸ் கரைசல் குடிப்பதற்கு 45 நிமிடம் முன்பு, முதுகில் 15 நிமிடம் 670 நானோமீட்டர் ஒளி பாய்ச்சியபோது, அடுத்த இரண்டு மணி நேரத்தில் சர்க்கரையின் ஏற்றம் 27.7 விழுக்காடு குறைவாக இருந்தது. பங்கேற்றவர்கள் 30 பேர். அனைவரும் நலமானவர்கள், ஒருவருக்கும் சர்க்கரை நோய் இல்லை. ஆர்வத்தைத் தூண்டும் முடிவுதான். மாத்திரையைக் குறைக்க இது காரணமாகாது. எடைக்குறைப்பு, தைராய்டு, ஆண்மை என்று நீளும் மற்ற வாக்குறுதிகளுக்கு இந்த அளவு ஆதாரம்கூட இல்லாததால் அவற்றில் நேரம் செலவிட வேண்டியதில்லை.

## கண்ணும் கருந்தோலும்

குழந்தைகளின் கிட்டப்பார்வை கூடாமல் தடுக்க, 650 நானோமீட்டர் சிவப்பு ஒளியை நாளுக்கு இருமுறை மூன்று மூன்று நிமிடம் நேராகப் பார்க்க வைக்கும் முறை சீனாவில் வேகமாகப் பரவியது. சோதனைகளில் பார்வைக்குறை கூடும் வேகம் மட்டுப்பட்டது உண்மை. ஆனால் 2023இல், இக்கருவியைச் சில மாதங்கள் பயன்படுத்திய 12 வயதுச் சிறுமியின் விழித்திரை பாதிக்கப்பட்ட செய்தி மருத்துவ இதழில் வெளியானது. அமெரிக்க ஆய்வாளர்கள் கருவிகளை அளந்து பார்த்து, மூன்று நிமிடப் பார்வையே பாதுகாப்பு எல்லையை நெருங்கவோ மீறவோ செய்கிறது என்று எச்சரித்தனர். 2024 ஜூலை முதல் சீன அரசு இவற்றை மிகுந்த கண்காணிப்புக்குரிய மூன்றாம் வகைச் சாதனங்களாக நடத்துகிறது. மருத்துவர் கண்காணிப்பிலேயே இந்த நிலை என்றால், இணையத்தில் வாங்கிய பலகையைக் குழந்தை உற்றுப் பார்ப்பதை எவ்வகையிலும் அனுமதிக்கலாகாது. பெரியவர்களும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பின் முன்னே இமைக்கும் அனிச்சை உதவிக்கு வராது என்பதை நினைவில் வைத்து, கண்ணுறை அணிய வேண்டும்.

நமக்கு நேரடியாகப் பொருந்தும் இன்னொரு தகவல், பரவலாகப் பேசப்படாமல் போகிறது. அமெரிக்காவில் நடந்த இரு பாதுகாப்புச் சோதனைகளில், வெளிர்நிறத் தோலினர் சதுர சென்டிமீட்டருக்கு 480 ஜூல் வரை தாங்கிய சிவப்பு ஒளியை, நிறமி மிகுந்த தோலினர் 320 ஜூல் வரையே தாங்கினர். அதற்குமேல் கொப்புளமும் நெடுநாள் கருமையும் தோன்றலாயின. இவை வீட்டுப் பயன்பாட்டு அளவைவிட மிக அதிகம்தான். ஆயினும் மெலனின் ஒளியை உறிஞ்சிச் சூடாகிறது என்பதால், வெளிர்தோலினரைக் கொண்டு வகுத்த நேர அட்டவணையை நம் தோலுக்கு அப்படியே எடுத்துக்கொள்வதில் ஆபத்து உண்டு. மங்கு உள்ளவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஒளிக்கூச்சம் தரும் மருந்து உட்கொள்பவர்கள், லூபஸ் நோயாளிகள், தோல் புற்று வந்தவர்கள் அல்லது ஐயத்துக்குரிய மச்சம் உள்ளவர்கள் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

## வாங்குமுன் கேட்க வேண்டியவை

விளக்குகளின் எண்ணிக்கையையும் மின் இணைப்பிலிருந்து இழுக்கும் வாட்டையும் பெரிய எழுத்தில் போடுவது விற்பனை உத்தி. அவற்றிலிருந்து தோலில் விழும் அளவை அறிய முடியாது. அலைநீளம் நானோமீட்டரில் எவ்வளவு, எத்தனை சென்டிமீட்டர் தொலைவில் சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை மில்லிவாட் என்ற இரு எண்களே தேவை. தொலைவைச் சொல்லாமல் செறிவை மட்டும் சொன்னால், விளக்கை ஒட்டி அளந்த எண்ணாக அது இருக்க வாய்ப்பு மிகுதி. சாதாரணச் சிவப்புப் பல்பையோ, சிவப்புக் காகிதம் ஒட்டிய விளக்கையோ கொண்டு இதைச் செய்ய முடியாததற்கும் இதுவே காரணம்: நிறம் சிவப்பாகத் தெரியும், குறிப்பிட்ட பட்டையில் போதிய செறிவு இராது. அந்த இரு எண்களையும் எழுத்தில் தர மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்கிய கருவியின் முன் எத்தனை நிமிடம் நிற்க வேண்டும் என்று எந்த மருத்துவராலும் கணக்கிட்டுச் சொல்ல இயலாது.